நகம் வழுக்கிய மட்டி

என் அண்ணியை மட்டிச் சிப்பி பிரிக்கிற கொட்டகையில் எல்லாரும் நகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் நானும் ஒரே கூரையின் கீழே எப்படிக் காலம் தள்ளினோம் என்று கேட்காதீர்கள். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன். அவள் மூடினால் திறக்கமாட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் அண்ணன். கட்டிக்கொண்டு வந்தவளுக்கும் கூடப் பிறந்தவளுக்கும் சமையலறை ஒன்றுதான், அதுவும் ஒருத்தி நுழைந்தால் மற்றவள் வெளியே வர வேண்டிய அகலம்.

கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வாடை தாங்காமல் வாந்தி எடுத்தாள். "இது நாலு நாள் தாங்காது"ன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். நாலு நாளா! முன்தலை நரைக்கிறவரைக்கும் அதே தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மட்டியை மட்டும் வாயில் வைத்ததே கிடையாது. பகலெல்லாம் அது முகத்திலேயே முழிக்கிறேன், சாப்பாட்டுத் தட்டிலும் அது முகமா என்பாள்.

அவளுடைய வேலை பிரிப்பது. கடல் வற்றும்போது ஆட்கள் மணலைக் கிளறி மட்டி எடுத்துவந்து தொட்டியில் கொட்டுவார்கள். அதில் இரண்டு ரகம் கலந்திருக்கும், கட்டமட்டி, வளையமட்டி. சேறு பூசிய நிலையில் இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் தெரியும். கட்டமட்டியின் ஓட்டில், ரெண்டு ஓடும் சேருகிற கீலிலிருந்து வாய் விளிம்புக்கு நெடுக்குக் கோடுகள் இறங்கும். அவற்றை வெட்டிக்கொண்டு வளையக் கோடுகளும் போகும். கழுவிப் பார்த்தால் கட்டம் போட்ட துணிதான். வளையமட்டியில் அந்த நெடுக்குக் கோடே இருக்காது. விளிம்பை ஒட்டி வளைந்து போகும் வளையங்கள் மட்டும். வளர்ந்துவிட்டால் கட்டமட்டியைவிடப் பெரிசாகவும் இருக்கும்.

கலங்கின தொட்டித் தண்ணீருக்குள் கண்ணை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? அதனால் அவர்கள் நகத்தால்தான் பார்ப்பார்கள். இடது கையில் மட்டியைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தைப் பக்கவாட்டில் ஓர் இழுப்பு. நெடுக்குக் கோட்டில் நகம் தட்டித் தட்டிப் போனால் கட்டமட்டி, கூடைக்கு. வளையத்தோடு வழுக்கிக்கொண்டு போனால் வளையமட்டி, திரும்பக் கடலுக்கு. அண்ணி இதைச் செய்யும்போது குனிந்தே பார்க்கமாட்டாள். அந்த நகத்தை அவள் பாதுகாத்த லட்சணம் இருக்கிறதே! வீட்டில் பூண்டு உரிக்கமாட்டாள், கயிற்று முடிச்சு அவிழ்க்கமாட்டாள். "மகாராணி நகம் தேஞ்சிடும்"னு நான் முணுமுணுத்துக்கொண்டே உரிப்பேன்.

வளையமட்டியை ஏன் கடலில் போட வேண்டும் என்றால், இந்தக் கதை நடந்த வருஷம் கடல் சிவந்திருந்தது. தண்ணீர் அப்படிச் சிவக்கும்போது மட்டிக்குள் விஷம் ஏறிவிடும். வேகவைத்தாலும் வாட்டினாலும் போகாது. கட்டமட்டி சில வாரங்களில் அதைக் கழித்துவிடும், வளையமட்டி வருஷம் தாண்டியும் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். சில மனுஷர்களும் அப்படித்தான், நான் யாரையும் சொல்லவில்லை. கரையை மூடி வைத்திருந்த அதிகாரிகள், சிவப்பு வடிந்து சில வாரம் கழித்துக் கட்டமட்டிக்கு மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள். கொட்டகை மேஸ்திரி பயப்படவே இல்லை. நகக்கா இருக்கிறவரை ஒரு வளையமட்டிகூடக் கூடைக்குள் வராது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் உடைந்த ஓடு ஒன்று அவளுடைய வலது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. விரல் வீங்கி, நகம் தெரியாமல் துணி சுற்றிக்கொண்டாள். ரெண்டு நாள் வீட்டில் கிடவேன் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. மறுநாளே, இடது கையால் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். மேஸ்திரி, "நகக்கா கால் நகத்தால பார்த்தாலும் தப்பு வராது"ன்னு சொல்லிச் சிரித்தாராம்.

ஓடு விண்டுபோன மட்டிகளை விற்க முடியாது. பிரிக்கிற பெண்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணியும் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். என் அண்ணனுக்கு ஐஸ் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட். காலையில் அவன் வந்ததும் இரும்புச் சட்டியில் மட்டிகளை வாட்டி, வாய் திறந்ததும் தட்டில் வைத்தாள். பெரிசு எல்லாம் அவனுக்கு. எனக்குச் சிறிசு. "புருஷனுக்குன்னா மலை, எனக்குன்னா மண்ணாங்கட்டி"ன்னு நான் நொடித்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். ஓடுகளை அள்ளிக்கொண்டு போய்ச் சந்தில் கொட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டான். குரலே அவன் குரலாக இல்லை. உதடு மரத்துப்போச்சு, நாக்கு தடிச்சுப்போச்சு என்று குழறினான். எழுந்து நிற்கப் போனவன் துணி மாதிரி மடங்கி விழுந்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் தூக்கி வண்டியில் போட்டு எங்கள் பகுதியின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசல் தாண்டும்போதே அவனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அங்கே இருந்த ஒரே மூச்சு மெஷினில் அவனைப் போட்டார்கள். கண் மூடியிருந்தது. கிள்ளினாலும் அசைவில்லை.

டாக்டரம்மா முதல் கேள்வியே சரியாகத்தான் கேட்டார்.

"என்ன சாப்பிட்டார்? மட்டி ஏதாவது?"

"ஆமாங்க. ஆனா கட்டமட்டிதான்" என்றாள் அண்ணி.

"நல்லாத் தெரியுமா?"

"நான் பிரிச்சதுங்க."

விஷயம் கேள்விப்பட்டுக் கொட்டகையே அதற்குள் வந்துவிட்டது. மேஸ்திரி முன்னால் வந்து, "டாக்டரம்மா, இந்தப் பொண்ணு கையில தப்பு நடக்காதுங்க. என் தலையை அடமானம் வெக்கறேன்" என்றார். பின்னாலிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சும்மா இருந்தேனா? "நானும்தான் அதே மட்டியைத் தின்னேன். கல்லு மாதிரி நிக்கலையா?" என்றேன். அத்தோடு, அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டான் என்பதையும் போட்டு உடைத்தேன்.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. எங்களைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்தார். "அப்போ மூளையோட அடித்தண்டுல ரத்தம் அடைச்சிருக்கு போல. அறிகுறி எல்லாம் அப்படித்தான் இருக்கு. இப்படி ஆனவங்க திரும்பறது கஷ்டம்மா. வழியில தாங்க மாட்டார், வேற எங்கேயும் அனுப்ப முடியாது. விபத்துல அடிபட்ட ஒருத்தரைக் கொண்டு வந்துட்டு இருக்காங்க. அவருக்கு இந்த மெஷின் இருந்தா பொழைச்சுப்பார். நீங்க ஒரு முடிவு சொல்லணும்."

என்ன முடிவு என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.  கூடப் பிறந்தவன், எனக்கு ஒரே துணை, மெஷினை எடுக்கச் சொல்லி அவனை நாங்களே அனுப்பிவைப்பதா? நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி அழவில்லை. அவள் கேட்டது வேறு.

"மட்டி விஷமா இருந்தா என்ன ஆகுங்க?"

"அது வேற கதைம்மா. மூச்சு மட்டும் நாம போட்டுட்டே இருந்தா போதும். ஒண்ணு ரெண்டு நாள்ல விஷம் தானா இறங்கும், எழுந்து உக்காந்துடுவாங்க."

அண்ணி எழுந்தே விட்டாள். "அப்ப அதுதாங்க. விஷம்தான். நான்தான் வெச்சிருக்கேன்."

"இப்பதான் இல்லவே இல்லைன்னு சொன்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன்!"

"ஆசைக்காகச் சொல்லாதீங்கம்மா" என்றார் டாக்டரம்மா, மெதுவாகத்தான். "உங்க வலி புரியுது. சாப்பிட்ட மட்டியோட ஓடு இருக்கா? வளையமட்டி ஓடு ஒண்ணு இருந்தாக்கூடப் போதும், நான் மெஷினை எடுக்க மாட்டேன். அந்த வண்டி வந்து சேர்றதுக்குள்ள கொண்டாங்க."

இப்படி ஒரு கொடுமையை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தப்பே செய்யவில்லை என்றுதான் ஊரில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். என் அண்ணி, தான் தப்பு செய்திருக்க வேண்டுமே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடினாள். மேஸ்திரி பின்னாலேயே வந்து, "பதறாதம்மா, உன் கையில அது வராது" என்று ஆறுதல் சொன்னார். திரும்பி நின்று, "வாயை மூடுங்க மேஸ்திரி" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒருவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

சந்துக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் என் தலையில் இடி விழுந்தது. எங்கள் சந்து சேறு. மழை பெய்தால் முட்டிவரை போகும். அதனால் எல்லா வீட்டுக்காரர்களும் ஓட்டை அங்கேயேதான் கொட்டுவோம். நடந்து நடந்து, நொறுங்கி, அதன் மேல் மறுபடி கொட்டி, சந்து முழுக்கத் தரையே ஓடுதான். அதில் கட்டமும் உண்டு, கடல் சிவக்காத காலத்தில் தின்று போட்ட வளையமும் உண்டு. நான் காலையில் எந்த இடத்தில் கொட்டினேன்? பேசிக்கொண்டே கொட்டினேனா, சுவர் ஓரமா, சாக்கடைப் பக்கமா, ஒன்றும் நினைவில் இல்லை. அதற்குள் இரண்டு சைக்கிளும் ஒரு தள்ளுவண்டியும் வேறு மேலே போயிருந்தன.

அண்ணி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். ஓட்டின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. கைக்குக் கிடைத்ததை எல்லாம் அவள் இடது நகத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து எறிந்தாள். நான் ஒரு பெரிய வளையமட்டி ஓட்டைக் கண்டெடுத்தேன். "அண்ணி! இந்தா! கிடைச்சிடுச்சு!"

வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "இது பழசுடி. கீல்ல கறுப்பு ரப்பர் மாதிரி ஒண்ணு இருக்கணும், ரெண்டு ஓட்டையும் சேர்த்துப் பிடிச்சிட்டு. இதுல அது காஞ்சு உதிர்ந்து போச்சு. உள்ளே பளபளப்பும் இல்ல."

"டாக்டருக்கு என்ன தெரியப்போவுது? கொண்டு போய்க் குடு!"

"அந்தம்மா பார்த்தாலே தெரிஞ்சுப்பாங்க. அப்புறம் நிஜமானதைக் கொண்டு போனாலும் நம்ப மாட்டாங்க. தேடு."

தேடினோம். தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் சாக்கடை ஓரம், என் வீட்டு அடுப்பின் கரி படிந்த ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. இரண்டு ஓடும் பிரியாமல், கீலில் கறுப்பு ரப்பரோடு. அதேதான், காலையில் கொட்டினது. அண்ணி ஒன்றை எடுத்து நகத்தை இழுத்தாள். தட்டித் தட்டிப் போனது. எறிந்தாள். அடுத்தது. தட்டியது. அடுத்தது. பெரிசு ஒன்று, அண்ணன் தட்டில் இருந்தது. அதுவும் தட்டியது.

அதோடு அவள் கை நின்றுவிட்டது. "எல்லாம் கட்டமட்டிதான்" என்றாள். "ஒண்ணுகூட இல்லடி. நான் தப்பு பண்ணவே இல்ல." இதைச் சொல்லிவிட்டு அந்த ஓட்டுக் குவியல் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள் பாருங்கள். இத்தனை நாளாக அழுத்தக்காரி, கல் நெஞ்சுக்காரி என்று நான் திட்டினது இவளைத்தானா?

அவள் கடைசியாக எறிந்த பெரிய ஓடு என் மடியில் விழுந்திருந்தது. எனக்கு நகத்தால் பார்க்கத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் பார்ப்பதுதான். கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். திருப்பினேன். மறுபடி துடைத்தேன்.

"அண்ணி, இதுல நெடுக்குக் கோடு எங்கே இருக்கு?"

தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அண்ணி, பாருடி இங்க! வளையம் வளையமாத்தானே இருக்கு? கட்டமே இல்லையே!" அவசரத்தில் அண்ணியை டி போட்டுவிட்டேன்.

பிடுங்கிக்கொண்டாள். வலது கையில் வாங்கிப் பிடித்து இடது நகத்தை இழுத்தாள், தட்டியது. அப்புறம் தன் கையையே பேயறைந்த மாதிரி பார்த்தாள். வீங்கிப்போன கட்டைவிரலால் மட்டியை முன்போலப் படுக்கவைத்துப் பிடிக்க முடியாமல், வலது கை அதை நிமிர்த்திப் பிடித்திருந்தது. அதனால் இடது நகம் பக்கவாட்டில் ஓடவில்லை. கீலிலிருந்து வாய்க்கு ஓடியது. அப்படி இழுத்தால் வளையத்தில் தட்டாமல் என்ன செய்யும்? வளையமட்டியும் தட்டும், கட்டமட்டியும் தட்டும், எல்லாமே தட்டும். துணி சுற்றினதிலிருந்து அவள் கைக்கு எல்லாமே கட்டமட்டிதான்.

பல்லால் துணிக்கட்டைக் கடித்து இழுத்தாள். புண்ணோடு ஒட்டியிருந்த துணி பிய்ந்து ரத்தம் வந்தது. ஓட்டை இடது கையில் படுக்கவைத்து, அந்த ரத்தக் கட்டைவிரல் நகத்தை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தாள்.

"வழுக்குது" என்றாள். மறுபடியும் இழுத்தாள். "வழுக்குதுடி! வழுக்குது! நான்தான்! நான்தான் போட்டிருக்கேன்!" என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் கத்தினாள். சந்துக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். புருஷன் சாகக் கிடக்க, இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே மேஸ்திரி நின்றிருந்தார். ஓட்டைக் காட்டினாள். அந்த மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. "மட்டி ஏத்தின லாரியை நிறுத்துங்க" என்றாள். "கட்டு போட்டதுக்கு அப்புறம் நான் பிரிச்ச மூட்டை ஒண்ணுகூடப் போகக் கூடாது." அவர் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். நல்லவேளை, லாரி பாதி வழியிலிருந்து திரும்பியது.

டாக்டரம்மா ஓட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், கீலை விரித்து மூடினார். "இதை அவர்தான் சாப்பிட்டாரா?"

"பெரிசு எல்லாம் அவருக்குத்தாங்க வெச்சேன். இவளுக்குச் சிறிசு" என்றாள் அண்ணி. நான் கல்லு மாதிரி நின்றதன் ரகசியம் அவ்வளவுதான். காலையில் எதற்காக நொடித்தேனோ, அதுதான் என்னைக் காப்பாற்றியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு அது போதும். யார் யாருக்கோ பேசி, வந்துகொண்டிருந்த வண்டியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். அடிபட்ட அந்த மனுஷன் அங்கே பிழைத்துக்கொண்டதாக அப்புறம் கேட்டு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மெஷின் அண்ணனிடமே இருந்தது. "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "இந்த விஷத்துல உடம்புதான் மரக்கும். காது கேட்கும், நினைவும் இருக்கும். இவ்வளவு நேரம் பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்."

அண்ணி அவன் காதருகே குனிந்தாள். "என்னங்க, நான்தாங்க தப்பு பண்ணிட்டேன். நல்லாப் பார்த்துட்டேன், சந்தேகமே இல்ல. பயப்படாதீங்க."

மறுநாள் அவன் விரல் அசைந்தது. அதற்கும் அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரக்க அவன் முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தான்.

"அடப்பாவிங்களா" என்றான். "உதடு மரத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மட்டிதான்னு. சொல்ல வாய் வரல. நீங்க ஒவ்வொருத்தரா வந்து, அவ கையில தப்பு வராது, தப்பு வராதுன்னு சொல்றீங்க. நான் உள்ள கெடந்து கத்தறேன், வந்துடுச்சுடா, தப்பு வந்துடுச்சுடான்னு. இவளை இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. கேக்கக் கேக்க எனக்கு உசுரு போச்சு."

நான் சிரித்தேன். அண்ணியால் சிரிக்க முடியவில்லை. அவன் போர்வையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

மேஸ்திரி அவளை மறுபடி தொட்டிக்கு முன்னால் உட்காரவிடவில்லை. மூட்டை அலசுகிற இடத்துக்கு மாற்றினார். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் போய்ச் சண்டை போட்டேன். அவருக்கும் வேறு வழியில்லை, நாலு வீட்டுச் சாப்பாடு விஷயம். இப்போது தொட்டியில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாலும் பார்க்கிறாள்.

போன வாரம் குழாயடியில் ஒரு பெண்பிள்ளை, எங்களுக்குக் கேட்கிற மாதிரியே, "புருஷனுக்கே விஷம் வெச்சவ"ன்னு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொண்டையை முடிந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாக்கா, நான்தான் வெச்சேன்" என்றாள், சாதாரணமாக. "நான் இல்லைன்னு முடிவாகியிருந்தா, அவரை அன்னிக்கே பொதைச்சிருப்பாங்க."